ஆடும் ஸ்டியரிங்: விதைப்புக்கு முன் பார்த்துவிடுங்கள்

கேள்வி: எங்களுக்கு மல்லாங்கிணறு பக்கம் ஏழு ஏக்கர் மானாவாரி கரிசல். அப்பா காலத்தில் வாங்கிய மாஸே பெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. என்ஜினில் குறை இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பின பிறகுதான் முன் சக்கரம் திரும்புகிறது. ஒரு மெக்கானிக் "பாக்ஸை டைட் வைத்தால் போதும்" என்கிறார். இன்னொருவர் "பவர் ஸ்டியரிங் மாட்டிவிடு" என்கிறார். மூன்றாமவர் "வண்டியைத் தள்ளிவிடு" என்கிறார். புரட்டாசி விதைப்பு நெருங்குகிறது. டிரைலர் வாடகைக்கும் போக வேண்டும். வண்டியை ஓட்டுவது என் மகன். என்ன செய்யலாம்?

- மல்லாங்கிணறு வாசகர்

பதில்: பூச்சி, உரம், விதை பற்றிய கடிதங்களுக்கு நடுவே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. ஆனாலும் இதுவும் பயிர்க் கேள்விதான். கரிசலில் முதல் நல்ல மழை பெய்து, ஈரம் பதமாக இருக்கும் சில நாட்களில் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். அந்த நாட்களில் வண்டி பட்டறையில் நின்றால் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் நமக்காகக் காத்திருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், வண்டியை ஓட்டுவது உங்கள் மகன். நம் பகுதியில் வயலோரக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. வரப்போரம் வண்டியைத் திருப்பும்போது ஸ்டியரிங் அரை நொடி தாமதித்தாலும் ஆபத்துதான்.

முதலில் உங்கள் மூன்று ஆலோசகர்களுக்கும் ஒரே பதில்: ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் ஊசி போடுவதைப் போன்றதுதான் பாக்ஸை மட்டும் இறுக்குவது.

ஸ்டியரிங் வேலை செய்யும் விதம்

ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில் ஒரு நீளக் குழாய். அதனுள் ஓடும் தண்டு கீழே உள்ள ஸ்டியரிங் பாக்ஸுக்குள் போகிறது. பாக்ஸுக்குள் தண்டின் முனை திருகு போல மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஒரு நட்டு ஏறி இறங்கும். பல வண்டிகளில் மரைக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளும். நட்டு நகரும்போது பாக்ஸின் பக்கவாட்டில் வெளியே நீட்டியிருக்கும் தண்டு திரும்பும். அதில் மாட்டிய கை முன்னும் பின்னும் ஆடும். இதைத்தான் பட்டறையில் 'டிராப் ஆர்ம்' என்கிறார்கள். அங்கிருந்து நீள ராடு, ராடின் இரு முனையிலும் பால் ஜாயின்ட், பிறகு சக்கரத்தைத் திருப்பும் கை, கிங்பின், சக்கரம்.

எண்ணிப் பாருங்கள். கையிலிருந்து சக்கரம் வரை பத்து இணைப்புகளுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்ந்தாலே மேலே கால் வட்டம் ஆட்டம் வந்துவிடும். ஆகவே பெரும்பாலும் குற்றவாளி ஒருவர் அல்ல, பலர்.

உங்கள் வண்டியின் பரம்பரையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஹாரி பெர்குசன் வடிவமைத்த டி.இ.20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் பின் வந்த 35 மாடலின் வழியில் வந்ததுதான் நம் 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் இதைத் தயாரித்து ஊர் ஊராகக் கொண்டுவந்தது. அந்தப் பழைய பெர்குசன் அமைப்பில் பாக்ஸின் இரு பக்கமும் ஒவ்வொரு கை உண்டு. இடது சக்கரத்துக்கு ஒரு ராடு, வலது சக்கரத்துக்கு ஒரு ராடு. வேறு பல டிராக்டர்களில் ஒரே கைதான். அது ஒரு சக்கரத்தைத் திருப்ப, குறுக்கே போகும் டை ராடு மற்றதைத் திருப்பும். உங்கள் வண்டி எந்த வகை என்று குனிந்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரச் சோதனை

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. இரண்டு பேர், ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, ஒரு சாக்பீஸ் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, பின் சக்கரத்துக்கு இருபுறமும் கல் வையுங்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது அச்சுக்கு அடியில் கட்டாயம் கனமான மரக்கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்க வேண்டாம்.

முதலில் ஆட்டத்தை அளந்துகொள்ளுங்கள். முன் சக்கரம் அசையாத வரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். அதன் விளிம்பில் இரண்டு முனைகளையும் சாக்பீஸால் குறித்து, நடுவே எத்தனை அங்குலம் என்று பாருங்கள். பழைய கைத் திருப்பு வண்டிகளில் பொதுவாக 1 முதல் 2 அங்குலம் வரை இருக்கலாம். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். நீங்கள் சொல்லும் கால் வட்டம் இதைப் போல் பல மடங்கு.

இப்போது ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையாமல் இருக்கிறதோ, அங்கே ஆட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடும்.

1. ஸ்டியரிங் சக்கரத்தின் நட்டு: சக்கரம் திரும்பி, தண்டு திரும்பாமல் இருந்தால் நட்டு லூஸ் அல்லது உள்பல் தேய்ந்திருக்கிறது. நட்டு என்றால் இறுக்கினால் சரி. பல் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங் சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

2. தண்டின் மேல் புஷ்: சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். குழாய்க்குள் கடகடவென்று ஆடினால் மேல் புஷ் தேய்ந்திருக்கிறது. சின்னப் பொருள், சின்னச் செலவு. பிறகு சக்கரத்தை மேலே இழுத்தும் கீழே அழுத்தியும் பாருங்கள். தண்டே ஏறி இறங்கினால் பாக்ஸுக்குள் பேரிங் தளர்ந்திருக்கிறது. சில வண்டிகளில் ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் குறைத்தும், சிலவற்றில் திருகியும் இதைச் சரிசெய்வார்கள். இது பட்டறை வேலை.

3. பாக்ஸின் போல்ட்டுகள்: பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால் பாக்ஸே அசையும். இணையும் விளிம்பில் துரு நிறத்தில் பொடியோ, புதிதாகத் தேய்ந்த பளபளப்போ தெரிந்தால் அது அடையாளம்.

4. டிராப் ஆர்ம்: பாக்ஸிலிருந்து வரும் தண்டும் கையும் சேருமிடத்தில் சிறு ஆட்டமும் இருக்கக் கூடாது. இங்கே ஆடினால் வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

5. பால் ஜாயின்ட்டுகள்: நம் ஊரில் அதிகம் கெடுவது இவைதான். வெயிலில் ரப்பர் மூடி வெடிக்கிறது. கோடையில் கரிசல் புழுதியும் மழையில் சேறும் உள்ளே போகின்றன. கிரீஸோடு மண் சேர்ந்தால் உள்ளே உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலத்தான். ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தெரிந்துவிடும்.

6. கிங்பின்னும் சக்கரப் பேரிங்கும்: முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், சக்கரத்தோடு அதைத் தாங்கும் தண்டும் சேர்ந்து ஆடினால் கிங்பின் புஷ்.

7. அச்சின் நடு முளை: முன் அச்சு மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது இந்த முளையின் மேல்தான். முன்பக்கத்தைத் தூக்கி, கடப்பாரையால் அச்சை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள்.

எதை முதலில் சரிசெய்வது?

கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் சக்கரப் பேரிங், கிங்பின் புஷ், பால் ஜாயின்ட். பிறகு டிராப் ஆர்ம், பாக்ஸின் போல்ட். கடைசியில்தான் பாக்ஸ். காரணம் எளிது. பால் ஜாயின்ட்டில் உள்ள ஆட்டத்தைப் பாக்ஸை இறுக்கி மறைத்தால், மேலே ஸ்டியரிங் நன்றாக இருப்பது போலத் தெரியும். கீழே ஜாயின்ட் தேய்ந்துகொண்டே போய் ஒரு நாள் குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றுவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

பாக்ஸை இறுக்குவதிலும் ஒரு விஷயம் உண்டு. நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் உள் மரை நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது, ஓரங்களில் தேய்வது குறைவு. நடுவில் உள்ள ஆட்டம் முழுவதும் போகும்வரை இறுக்கினால், ஓரத்துக்குத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். சரிசெய்யும் திருகு உள்ள பாக்ஸ் என்றால், முன் சக்கரங்களைத் தூக்கி நேராக வைத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் இறுகாமல் ஓட வேண்டும். கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. பிடித்துக்கொள்ளும் ஸ்டியரிங் ஆடும் ஸ்டியரிங்கைவிட மோசம்.

அதற்கும் முன்னால் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் கசிந்து, பல பாக்ஸ்கள் வறண்டு கிடக்கின்றன. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான். "ஆயில் ஒழுகுது" என்று அதற்குள் கிரீஸை அடைப்பது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. கிரீஸ் ஒரு தடவை ஒதுங்கினால் திரும்ப மரைக்கு வந்து சேராது. கையேடு ஆயில் என்று சொன்னால் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஒழுகினால் சீலை மாற்றுங்கள்.

செய்யவே கூடாதவை

ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எந்த இரும்பிலும் வெல்டிங் வேண்டாம். டிராப் ஆர்ம் விரிசல் விட்டாலும், ராடு வளைந்தாலும், ஜாயின்ட் தேய்ந்தாலும் மாற்றுவதுதான் வழி. வெல்டிங் சூட்டில் அந்த இரும்பின் பதம் மாறிவிடும். பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், பள்ளத்தில் விழும்போது முறியும்.

நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாக ஆணியையோ கம்பியையோ வளைத்து மாட்ட வேண்டாம். கழற்றிய பழைய பின்னையும் திரும்பப் போட வேண்டாம். சில ரூபாய்ப் பொருள்தான், ஆனால் ஜாயின்ட் கழலாமல் பிடித்திருப்பது அதுதான்.

டிராப் ஆர்மைக் கழற்றும் முன் கையிலும் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் திரும்பும். சுத்தியலால் அடித்துக் கழற்றாமல் புல்லர் போட்டுக் கழற்றட்டும்.

பவர் ஸ்டியரிங் மாட்டலாமா?

பவர் ஸ்டியரிங் கையின் பாரத்தைக் குறைக்கும். தேய்ந்த ஜாயின்ட்டைச் சரிசெய்யாது. ஆட்டமுள்ள ராடுகளின் மேல் அதை மாட்டினால் குறை கைக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அதற்குத் தனி பம்பு, குழாய், சிலிண்டர் எல்லாம் வேண்டும். மாட்டுவதென்றால் உங்கள் மாடலுக்கென்று கம்பெனி தரும் முழு செட்டாக, டீலர் பட்டறையில்தான். பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டும் வேலை வேண்டாம். என் கருத்தில் உங்களுக்கு அந்தச் செலவு இப்போது தேவையில்லை. என்ஜின் நன்றாக இருக்கும்போது வண்டியைத் தள்ளவும் தேவையில்லை. 1035-க்கு உதிரிப் பாகம் அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரைக் கடைகளில் கிடைக்கிறது. பால் ஜாயின்ட்டும் பேரிங்கும் வாங்கும்போது கம்பெனிப் பொருளாக, ரசீதோடு வாங்குங்கள்.

நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரமே சோதனையைச் செய்யுங்கள். விதைப்புக்கு முன் ஜாயின்ட், கிங்பின் புஷ், போல்ட், ஆயில் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். கையேட்டு அளவுக்குள் வந்தால் எல்லா வேலைக்கும் போகலாம். கொஞ்சம் கூடுதலாக நின்று, மேலே சொன்ன இணைப்புகள் எல்லாம் கெட்டியாக இருந்தால், உழவு, விதைப்பை மெதுவாக முடித்துக்கொண்டு, அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாசி, பங்குனியில் பாக்ஸை முழுதும் பிரித்துப் பாருங்கள். அதுவரை டிரைலர் மாட்டி ரோட்டுக்குப் போக வேண்டாம். வாடகை வருமானம் போகிறதே என்ற வருத்தம் புரிகிறது. ஆனால் பாரம் ஏற்றிய டிரைலர் கொக்கியை அழுத்தும்போது முன் சக்கரத்தின் பிடி குறையும். ஆடும் ஸ்டியரிங்கோடு அதுவும் சேர்ந்தால் இறக்கத்தில் வண்டி நம் சொல் கேட்காது. டிரைலரில் களையெடுக்க ஆட்களை ஏற்றுவது எந்த வண்டியிலும் சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம்.

வேலை முடியும் முன் மழை வந்துவிட்டால், வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு முன்பதிவு செய்யுங்கள். உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆடும் வண்டியை வைத்து அவசரப்படுவதைவிட அந்த வாடகை குறைவு.

கேள்வி: என் கணவருக்கு முதுகு வலி. புது டிராக்டர்களில் ஸ்டியரிங்கைச் சாய்த்துக்கொள்ள முடிகிறது. எங்கள் பழைய வண்டியின் ஸ்டியரிங் தண்டை வெட்டி, நீட்டிப் பற்றவைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

- ஆவியூர் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. சாயும் ஸ்டியரிங் உள்ள வண்டியில் தண்டின் நடுவே மடங்கும் இணைப்பு வைத்தே வடிவமைத்திருப்பார்கள். பழைய வண்டியில் தண்டு மேலிருந்து பாக்ஸ் வரை ஒரே நேர்க் கம்பி. அதை வெட்டி ஒட்டினால் முழு வண்டியின் திசையும் ஒரு பற்றவைப்பை நம்பி நிற்கும்.

நீட்டிக் குறைக்கும் ஸ்டியரிங் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1959-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு காரிலேயே ஒன்றுக்குள் ஒன்று நழுவும் தண்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் இருந்தன. அந்தக் கார்தான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்று தயாரானது. அதை வைத்திருப்பவர்களும் கிளாம்பு நழுவினால் பற்றவைப்பதில்லை, கிளாம்பையும் புஷ்ஷையும்தான் மாற்ற வேண்டும். மோதலில் உள்ளே நழுவி நெஞ்சைக் காப்பதும் அந்த அமைப்புதான். பற்றவைத்தால் அது ஈட்டியாகிவிடும். சாயும் ஸ்டியரிங் உள்ள டிராக்டர் வைத்திருப்போர், கிளம்பும் முன் பூட்டு நெம்புகோல் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஓடும்போது சாய்க்க வேண்டாம்.

உங்கள் கணவருக்கு ஸ்டியரிங்கை நகர்த்துவதைவிட இருக்கையை நகர்த்துவது நல்லது. பல பழைய வண்டிகளில் இருக்கை முன்பின் நகரும். துரு பிடித்து இறுகியிருக்கும், எண்ணெய் விட்டால் அசையும். ஸ்பிரிங் இருக்கை என்றால் ஆளின் எடைக்கேற்ப மாற்றும் வசதியும் இருக்கலாம். கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்து, முன் டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே ஸ்டியரிங் பாரம் நன்றாகக் குறையும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருகாமல், மெல்ல நகரவிட்டுத் திருப்பினால் முதுகும் பிழைக்கும், பாக்ஸும் பிழைக்கும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: பருத்தியில் ஊடுழவுக்காக முன் சக்கர அகலத்தைக் கூட்டினோம். அதன் பின் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது. ஏன்?

- திருச்சுழி வாசகர்

பதில்: இரு பக்கமும் ஒரே அளவு நீட்டினீர்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பழைய பெர்குசன் வகையில் முன் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அகலத்தை மாற்றினாலும் ராடு நீளத்தை மாற்றத் தேவையில்லாதபடி அமைத்தது அது. குறுக்கு டை ராடு உள்ள வண்டிகளில் அச்சை நீட்டிய அளவுக்கு டை ராடையும் நீட்ட வேண்டும். அதை விட்டிருந்தால் டயர் தேயத்தான் செய்யும்.

அளப்பது சுலபம். சக்கரங்களை நேராக வைத்து, அச்சு உயரத்தில் இரு டயரின் முன்புற நடுவிலும் சாக்பீஸ் குறி போட்டு, குறிகளின் இடைவெளியை அளங்கள். குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மறுபடி அளங்கள். முன் இடைவெளி பின் இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான எண் கையேட்டில் உண்டு. சரிசெய்தபின் பூட்டு நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

வாசகர்கள் வெட்டி ஒட்டிக்கொள்ள

தினமும்: கிளம்பும் முன் ஸ்டியரிங் ஆட்டம், ஸ்பிளிட் பின், ஜாயின்ட் ரப்பர் மூடி ஆகியவற்றை ஒரு பார்வை பாருங்கள்.

சேற்றில் ஓட்டிய பிறகும், கழுவிய பிறகும்: முளைகளைத் துடைத்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடியுங்கள்.

மாதம் ஒரு முறை: பாக்ஸ் ஆயில் மட்டம், பாக்ஸ் போல்ட், முன் டயர் காற்று.

பருவத்துக்கு ஒரு முறை, விதைப்புக்கு ஒரு மாதம் முன்னால்: மேலே சொன்ன ஏழு இடச் சோதனை.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: டிராப் ஆர்ம் ஆடுவது அல்லது விரிசல், பின் இல்லாத நட்டு, மேலும் கீழும் ஆடும் பால் ஜாயின்ட், திருப்பும்போது ஸ்டியரிங் பிடித்துக்கொள்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "இன்னும் ஒரு சால் ஓட்டிவிட்டு" என்று நினைக்க வேண்டாம்.

டிராக்டர் பற்றிக் கேள்வி அனுப்புவோர் வண்டியின் மாடல், வாங்கிய ஆண்டு, கைத் திருப்பா பவர் ஸ்டியரிங்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்ல வசதியாக இருக்கும்.